நிரலிடுதல் வகுப்புகளில் விடுபடும் ஒரு பாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பைத்தான், ஸ்கிராட்ச் வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் ஆர்வம் காட்டுகிறார்கள். 2020 முதல் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி உயர்வகுப்பு மாணவர் அனைவருக்கும் 10 மணி நேர ‘கோட் ஃபார் ஃபன்’ பயிற்சியும் உண்டு. நிரல் எழுதத் தொடங்குவதற்கு இங்கே வழிகள் ஏராளம். எழுதிய நிரலைக் காப்பது, எந்த மாற்றத்தால் கெட்டது என்று தேடிப் பிடிப்பது, இன்னொருவர் எழுதியதோடு சேர்ப்பது ஆகியவற்றைத்தான் பெரும்பாலான வகுப்புகள் தொடுவதில்லை. மூலநிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்துவிடப்பட்ட திறந்த மூல மென்பொருளுக்குப் பங்களிக்கும் ஆசையோடு வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வதும் இங்கேதான். கோப்புகளில் செய்யும் மாற்றங்களை வரலாறாகப் பதிந்துவைக்கும் கிட் எனும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியை முதல் வாரத்திலேயே, இணையம் இல்லாமல், சொந்தக் கணினியில் பழக்க வேண்டும் என்பதும், தமிழ்க் கோப்புகளோடு பழக்க வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

கிட் வேறு, கிட்ஹப் வேறு. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலை உருவாக்குவோர் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற வணிகக் கருவியின் இலவச உரிமம் மீட்டுக்கொள்ளப்பட்டதால், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதினார். திட்டத்தின் முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும்படி அதை வடிவமைத்தார். சிவிஎஸ், சப்வெர்ஷன் போன்ற முந்தைய கருவிகளில் மைய வழங்கியை எட்ட முடியாவிட்டால் கமிட் செய்ய, அதாவது ஒரு மாற்றத்தை வரலாற்றில் பதிய, முடியாது. கிட்டுக்கு வழங்கி தேவையே இல்லை. 2008இல் வந்த கிட்ஹப், கிட் களஞ்சியங்களை, அதாவது கோப்புகளும் அவற்றின் வரலாறும் அடங்கிய தொகுப்புகளை, இணையத்தில் வைத்துக்கொள்ள உதவும் ஒரு நிறுவனச் சேவை. கிட்லேப், கோட்பெர்க் என்று வேறு சேவைகளும் இருக்கின்றன. கிட்ஹப்பில் கணக்குத் தொடங்க 13 வயது நிறைந்திருக்க வேண்டும். தொடக்கநிலை 5இல் படிக்கும் பிள்ளை அங்கே கணக்குத் திறக்கக்கூடாது. ஆனால் கிட் கற்க அந்தப் பிள்ளைக்கு எந்தத் தடையும் இல்லை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல், “பெரியவனான பிறகு பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுவது வீண்.

நிறுவியதும் முதல் வேலை, பெயரையும் மின்னஞ்சலையும் ‘கிட் கான்ஃபிக் --குளோபல்’ கட்டளையால் பதிவது. இங்கேயே பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த மின்னஞ்சல் ஒவ்வொரு கமிட்டுக்குள்ளும் எழுதப்படுகிறது. பின்னாளில் களஞ்சியத்தைப் பொதுவில் வைத்தால் உலகில் எவரும் அதைப் படிக்கலாம். பழைய கமிட்டுகளில் இருப்பதை மாற்ற வேண்டுமானால் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும். ஆகவே பிள்ளையின் பள்ளி மின்னஞ்சலை அங்கே போடாதீர்கள். கிட்ஹப் கணக்கு உள்ளவர்களுக்கு, ‘நோரிப்ளை’ என்ற சொல்லோடு கூடிய மறைப்பு முகவரி ஒன்று அமைப்புப் பக்கத்தில் கிடைக்கும். முதல் கமிட்டுக்கு முன்பே அதைப் பதிந்துவிடுங்கள்.

கோப்புறைக்குள் சென்று ‘கிட் இனிட்’ கொடுத்தால், புள்ளியில் தொடங்கும் பெயருடைய மறைகோப்புறை ஒன்று உருவாகும். வரலாறு முழுவதும் அதற்குள்தான். அதை அழித்தால் எல்லாம் போயிற்று. ஒன்டிரைவ், கூகல் டிரைவ் போன்றவை ஒத்திசைக்கும் கோப்புறைக்குள் களஞ்சியத்தை வைக்கவும் வேண்டாம். கிட் தன் உள்கோப்புகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒத்திசைவு மென்பொருள் பாதியை நகலெடுக்கும். இரண்டு கணினிகளில் திறந்தால் முரண் நகல்களையும் உருவாக்கிவிடும். களஞ்சியம் பழுதாவதற்கு இது ஒரு நேர்வழி.

அடுத்து, புதியவர்களை அதிகம் குழப்பும் மூன்று இடங்கள்: நாம் திருத்தும் கோப்புகள், அடுத்த கமிட்டுக்காக எடுத்துவைத்த ஆயத்தப் பகுதி, கமிட் ஆன வரலாறு. ‘கிட் ஆட்’ கொடுத்த அந்த நொடியில் கோப்பு எப்படி இருந்ததோ அதுதான் ஆயத்தப் பகுதிக்குப் போகிறது. அதன்பின் கோப்பில் இன்னொரு திருத்தம் செய்துவிட்டு கமிட் செய்தால், அந்தத் திருத்தம் சேராது. “கமிட் செய்தேனே, எங்கே போயிற்று?” என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இதுதான். ‘கிட் டிஃப்’ இன்னும் எடுத்துவைக்காத மாற்றங்களைக் காட்டும். ‘கிட் டிஃப் --ஸ்டேஜ்டு’ எடுத்துவைத்தவற்றைக் காட்டும். கமிட்டுக்கு முன் இரண்டையும் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே ஊட்ட வேண்டும். ஒரே கோப்பில் இரண்டு வேலைகள் கலந்துவிட்டால் ‘கிட் ஆட் -பி’ ஒவ்வொரு துண்டாகக் காட்டி, சேர்க்கவா வேண்டாமா என்று கேட்கும். பங்களிப்பைப் பரிசீலிப்பவர்கள் விரும்பும் சிறிய, ஒரே நோக்கமுள்ள கமிட்டுகள் இப்படித்தான் உருவாகின்றன.

செய்தி எழுதாமல் வெறும் ‘கிட் கமிட்’ கொடுத்தால் பல கணினிகளில் விம் என்ற தொகுப்பான் திறக்கும். புதியவருக்கு வெளியே வரத் தெரியாது. எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளி, டபிள்யூ, கியூ என்று தட்டி என்டர் கொடுத்தால் சேமித்து வெளியேறும். கோர்.எடிட்டர் அமைப்பில் நேனோவையோ தமக்குப் பழகிய வேறு தொகுப்பானையோ குறித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. செய்தியின் முதல் வரியை 50 எழுத்துக்குள் அடக்கி, ஒரு வரி வெற்றாக விட்டு, பிறகு காரணத்தை எழுதுங்கள். என்ன மாறியது என்பதை டிஃப் காட்டிவிடும். ஏன் மாற்றினோம் என்பது நாம் எழுதினால்தான் உண்டு.

இனி, கணக்கும் இணையமும் இல்லாமல் ‘புஷ்’ (தள்ளுதல்), ‘புல்’ (இழுத்தல்) இரண்டையும் பழகும் வழி. இரண்டு பிள்ளைகள், இரண்டு மடிக்கணினிகள், ஒரு தம்ப் டிரைவ் போதும். தம்ப் டிரைவில் ‘கிட் இனிட் --பேர்’ என்ற கட்டளையோடு ஒரு வெற்றுக் களஞ்சியத்தை உருவாக்குங்கள். ‘பேர்’ என்றால் திருத்தக்கூடிய கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும் உள்ள களஞ்சியம். இதை விட்டுவிட்டுச் சாதாரணக் களஞ்சியமாக உருவாக்கினால், அங்கே திறந்திருக்கும் கிளைக்குள் (கமிட்டுகளின் ஒரு தொடர்) தள்ளுவதை கிட் மறுத்துவிடும். முதல் பிள்ளை அதை ‘குளோன்’ செய்யும்போது, வெற்றுக் களஞ்சியத்தை நகலெடுத்ததாக ஓர் எச்சரிக்கை வரும். அது பிழை அன்று. ஒரு கோப்பை எழுதி, கமிட் செய்து, தம்ப் டிரைவுக்குத் தள்ளியபின், இரண்டாம் பிள்ளை தன் கணினியில் குளோன் செய்யட்டும்.

தம்ப் டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கும். அந்த முறையில் கோப்பின் உரிமையாளர் யார் என்ற குறிப்பு கிடையாது. 2022 ஏப்ரலுக்குப் பிந்தைய கிட் பதிப்புகள் பாதுகாப்புக் கருதி இத்தகைய கோப்புறையைச் சந்தேகித்து, உரிமை ஐயத்திற்குரியது என்று சொல்லி நின்றுவிடக்கூடும். குளோபல் அமைப்பில் ‘சேஃப்.டைரக்டரி’ என்பதன்கீழ் அந்தப் பாதையைச் சேர்த்தால் வேலை நடக்கும். விண்டோஸில் டிரைவின் எழுத்து மாறிவிட்டால், ‘கிட் ரிமோட் செட்-யூஆர்எல்’ கட்டளையால் புதிய பாதையைக் கொடுக்க வேண்டும்.

இப்போது இருவரும் ஒரே கோப்பின் ஒரே வரியை வெவ்வேறாக மாற்றி கமிட் செய்யட்டும். முதலில் தள்ளுபவருக்குச் சிக்கல் இல்லை. அடுத்தவர் தள்ளும்போது கிட் மறுக்கும். தம்ப் டிரைவில் இருக்கும் கமிட் அவரிடம் இல்லை என்பதே காரணம். இந்த இடத்தில் பயந்துபோய் ‘--ஃபோர்ஸ்’ போடுபவர்கள், முதல் பிள்ளையின் கமிட்டைக் கூட்டுக் களஞ்சியத்தின் கிளையிலிருந்து அகற்றிவிடுகிறார்கள். செய்ய வேண்டியது ‘கிட் புல்’. அண்மைய பதிப்புகள், பிரிந்துபோன கிளைகளை எப்படிச் சேர்ப்பது என்று முன்பே சொல்லச் சொல்லும், தொடக்கத்தில் ‘புல்.ரீபேஸ்’ அமைப்புக்கு ‘ஃபால்ஸ்’ கொடுத்து இரண்டு கிளைகளையும் இணைக்கும் மெர்ஜ் முறையில் பழகுவது நல்லது.

முரண்பட்ட வரியைச் சுற்றி ஏழு இடப்பக்கக் கூர்க்குறிகள், ஏழு சமக்குறிகள், ஏழு வலப்பக்கக் கூர்க்குறிகள் தோன்றும். சமக்குறிக்கு மேலே நம்முடையது, கீழே வந்தது. எது வேண்டுமோ அதை வைத்து, மூன்று குறி வரிகளையும் நீக்கி, ஆட், கமிட். குறிகளை நீக்க மறந்து கமிட் செய்துவிடுவது புதியவர்களிடம் சாதாரணமாகக் காணும் பிழை. ஆட் கொடுப்பதற்கு முன் ‘கிட் டிஃப் --செக்’ கொடுத்தால் அது காட்டிக்கொடுக்கும். ‘மெர்ஜ்.கான்ஃபிளிக்ட்ஸ்டைல்’ அமைப்பை ‘டிஃப்3’ ஆக்கினால், இருவரும் மாற்றுவதற்கு முன் அந்த வரி எப்படி இருந்தது என்பதும் நடுவில் தெரியும். மூல வரி தெரியாமல் முரணைத் தீர்ப்பது ஊகம்தான் என்பதால், இந்த அமைப்பை எல்லாருக்கும் பரிந்துரைக்கிறேன். கலங்கிப்போனால் ‘கிட் மெர்ஜ் --அபார்ட்’ பழைய நிலைக்குக் கொண்டுபோகும்.

எதை மீட்கலாம், எதை மீட்க முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லித் தர வேண்டும். கமிட் ஆனதை இழப்பது கடினம்: கிளையை அழித்தாலும், கிளையைப் பழைய நிலைக்குப் பின்தள்ளும் ‘ரீசெட் --ஹார்டு’ கொடுத்தாலும், ‘கிட் ரிஃப்ளாக்’ பட்டியலில் பழைய கமிட்டின் எண் இருக்கும். எந்தக் கிளையும் சுட்டாத கமிட்டுகளின் குறிப்பு இயல்பாக 30 நாள் வரை வைத்திருக்கப்படும். ஆனால் இந்தப் பட்டியல் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. புதிதாகக் குளோன் செய்ததில் வராது. எடுத்துவைக்கவோ கமிட் செய்யவோ செய்யாத திருத்தத்தை ‘கிட் ரீஸ்டோர்’ கொடுத்து அழித்தால் கிட்டால் மீட்க வழியே இல்லை. மற்றவர்களிடம் ஏற்கெனவே போய்விட்ட கமிட்டைத் திரும்பப் பெற, அதை நேர்மாறாக்கும் புதிய கமிட்டை உருவாக்கும் ‘கிட் ரிவர்ட்’ மட்டும்தான் சரி.

தமிழ்க் கோப்புகளைப் பற்றி ஆங்கிலக் கையேடுகளில் போதுமான விளக்கம் கிடைப்பது அரிது. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் ‘கிட் ஸ்டேட்டஸ்’ அதைச் சாய்கோடுகளும் எண்களுமாகக் காட்டும். ‘க’ என்ற எழுத்து \340\256\225 ஆகிவிடும். கோப்பு கெடவில்லை, ஆங்கிலம் அல்லாத பைட்டுகளை அப்படிக் காட்டுவது கிட்டின் இயல்புநிலை. ‘கோர்.கோட்பாத்’ அமைப்புக்கு ‘ஃபால்ஸ்’ கொடுத்தால் தமிழாகவே தெரியும். தமிழ் மாணவர்கள் பெயர், மின்னஞ்சலுக்கு அடுத்துச் செய்ய வேண்டிய மூன்றாவது அமைப்பு இது.

கோப்பின் உள்ளடக்கத்தை, யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-8இல் சேமிக்க வேண்டும். பழைய விண்டோஸ் நோட்பேடில் ‘யூனிகோட்’ என்று தேர்ந்தெடுத்தால் யூடிஎஃப்-16இல் சேமிக்கும். அதில் சுழிய பைட்டுகள் வருவதால் கிட் அதைப் படம் போன்ற இருமக் கோப்பு என்று எண்ணி, வரி வேறுபாடு காட்டவே மறுக்கும்.

இன்னும் நுட்பமான சிக்கல் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களில் இருக்கிறது. ‘கொ’ என்பதைக் க, அதன்பின் ஒகரக் குறி என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். க, எகரக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் சமமென்றே வரையறுக்கிறது, திரையிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் யூடிஎஃப்-8இல் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். கிட் பைட்டுகளைத்தான் ஒப்பிடுகிறது. வேறொரு விசைப்பலகையில் ஒருவர் கோப்பைத் தட்டச்சு செய்தால், கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாத வரி மாறியதாகக் காட்டப்படும். தேடல் கண்டுபிடிக்காது, மெர்ஜ் முரண்படும். திட்டம் தொடங்கும்போதே ‘என்எஃப்சி’ என்ற ஒருங்கிணைந்த வடிவத்துக்குக் கோப்புகளை மாற்றிவிடுங்கள். பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியில் உள்ள ‘நார்மலைஸ்’ இதைச் செய்யும். அந்த மாற்றத்தைத் தனியொரு கமிட்டாக வையுங்கள். உண்மையான திருத்தத்தோடு கலந்தால் பரிசீலிப்பவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ‘ஔ’ வுக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டு எழுத்துகளைத் தட்டியிருந்தால் இந்தக் கருவியும் காப்பாற்றாது. அதைக் கையால் தேடித்தான் திருத்த வேண்டும். தமிழ் இணைய மாநாடு முதன்முதலாக 1997இல் கூடியது சிங்கப்பூரில். சிங்கப்பூர்த் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமியும் அவர் காலத்தவரும் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு தனிக் குறியீடு என்ற குழப்பத்தோடு போராடினார்கள். அந்தப் போராட்டம் முடிந்து, நமக்கு எஞ்சியிருப்பது இந்தச் சிறு வேலை. அதையாவது ஒழுங்காகச் செய்வோம்.

தமிழ் உரைநடையைத் திருத்தும்போது ‘கிட் டிஃப் --வேர்ட்-டிஃப்’ பயன்படுத்துங்கள். நீண்ட பத்தியில் ஒரே சொல் மாறினாலும் சாதாரண டிஃப் பத்தி முழுவதையும் சிவப்பும் பச்சையுமாகக் காட்டும். வேர்ட்-டிஃப் இடைவெளியை வைத்துச் சொற்களைப் பிரிப்பதால் தமிழுக்கும் அப்படியே பொருந்துகிறது.

அடுத்தது கடவுச்சாவி. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தரவுத் தளமான டேட்டாமால் வழியாகப் பேருந்து வருகை நேரத்தைப் பெற்றுக் காட்டும் செயலி, இங்கே நிரல் பழகுவோருக்கு ஏற்ற நல்ல பயிற்சி. அதற்குத் தனிப்பட்ட கணக்குச் சாவி தருவார்கள். அதை நிரலுக்குள்ளேயே எழுதி, பொதுக் களஞ்சியத்துக்குத் தள்ளிவிட்டால், அடுத்த கமிட்டில் அழித்தாலும் முந்தைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். முதலில் செய்ய வேண்டியது அந்தச் சாவியைச் செல்லாததாக்கி, புதியது பெறுவது. வரலாற்றைத் துப்புரவு செய்வது அதற்குப் பிறகுதான், ஏனெனில் அதற்குள் யாரேனும் நகலெடுத்திருக்கலாம். சாவியைத் தனிக் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பின் பெயரை ‘.கிட்இக்னோர்’ கோப்பில் எழுதுவதே முறை. ஏற்கெனவே கமிட் ஆன கோப்பை இது கட்டுப்படுத்தாது. ‘கிட் ஆர்எம் --கேஷ்டு’ கொடுத்தபிறகே விலகும்.

கிட்ஹப்புக்குப் போகும் நாளில் மூன்று தடைகள் வரும். 2021 ஆகஸ்டிலிருந்து கிட் கட்டளைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல் செல்லாது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக கிட்ஹப் தரும் டோக்கன் அல்லது உங்கள் கணினியில் உருவாக்கிய எஸ்எஸ்எச் சாவி வேண்டும். உங்கள் கணினி ‘மாஸ்டர்’ என்று முதல் கிளைக்குப் பெயரிட்டிருக்க, கிட்ஹப் ‘மெயின்’ என்று சொல்லும். தள்ளும்போது அப்படி ஒரு கிளையே இல்லை என்ற பிழை வரும். ஒரு கமிட்டும் செய்யாமல் தள்ளினாலும் அதே பிழைதான். 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை கிட்ஹப் ஏற்காது. காணொளியையும் தரவுத் தொகுப்பையும் களஞ்சியத்துக்குள் போடும் வழக்கம் வேண்டாம்.

பங்களிப்புக்குப் பெரிய நிரலறிவு தேவையில்லை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் கால அட்டவணைக்குப் பயன்படுத்தும் என்யூஎஸ்மாட்ஸ், அரசாங்கத் துறைகள் பயன்படுத்தும் ஃபார்ம்எஸ்ஜி ஆகிய இரண்டின் மூலநிரலும் பொதுவில் இருக்கிறது. பிறர் எப்படிக் கமிட் எழுதுகிறார்கள் என்று ‘கிட் லாக்’ வழியாகப் படிக்கலாம். தமிழ் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு: மென்பொருள்களின் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்புகள். பிஓ என்ற மொழிபெயர்ப்புக் கோப்பு வகையில் ‘ஃபஸி’ (ஐயத்துக்குரியது) என்று குறிக்கப்பட்ட வரி, மொழிபெயர்த்திருந்தாலும் பயன்பாட்டுக்குப் போகாது. சரிபார்த்து அந்தக் குறியை நீக்க வேண்டும். விழுக்காட்டுக் குறியோடு வரும் இடக்குறிகளில், அதாவது எண்ணோ பெயரோ பின்னர் வந்து நிரம்பும் இடங்களில், மிகுந்த கவனம் தேவை. ஆங்கிலத்தில் எண் முன்னும் இடப்பெயர் பின்னுமாக வரும் வாக்கியம், தமிழில் இடம் மாறி அமையும். இடக்குறிகளை அப்படியே இடம் மாற்றி எழுதினால் சி மொழி நிரல் எண்ணுக்குப் பதிலாகச் சொல்லைப் படிக்க முயன்று நின்றுபோகும். வரிசை எண் சேர்த்த இடக்குறியாக எழுதி, பிஓ கோப்பைச் சரிபார்க்கும் ‘எம்எஸ்ஜிஎஃப்எம்டி -சி’ கட்டளை கொண்டு சோதித்த பிறகே அனுப்புங்கள். சில தொகுப்பான்கள் சேமிக்கும்போது கோப்பு முழுவதையும் மறுமடிப்பு செய்துவிடும். இரண்டு சொல் திருத்தத்துக்கு நூற்றுக்கணக்கான வரிகள் மாறியதாக ‘கிட் டிஃப் --ஸ்டாட்’ காட்டினால், அதை அனுப்பாமல் தொகுப்பானின் வரி அகல அமைப்பைச் சரிசெய்யுங்கள்.

ஒவ்வொரு பங்களிப்புக்கும் புதிய கிளை தொடங்குங்கள். மெயின் கிளையிலேயே திருத்தி அனுப்பினால், முதல் பங்களிப்பு பரிசீலனையில் இருக்கும்போது செய்யும் இரண்டாவது வேலையும் அதற்குள் போய் ஒட்டிக்கொள்ளும். திட்டத்தின் பங்களிப்பு வழிகாட்டியை முழுமையாகப் படியுங்கள். உரிமம் இல்லாத களஞ்சியத்தின் நிரலை, பொதுவில் இருக்கிறது என்பதற்காக எடுத்துப் பயன்படுத்த உரிமை கிடையாது.

வகுப்பு நடத்துவோர் 10 மணி நேரப் பயிற்சியில் இரண்டு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால் போதும்: முதல் மணி நேரத்தில் ஆயத்தப் பகுதியும் கமிட்டும், இரண்டாவதில் தம்ப் டிரைவ் பயிற்சியும் முரண் தீர்த்தலும். மாணவர்கள் எழுதும் பயிற்சிக் கோப்பு ஒரு தமிழ்க் கதையாக இருக்கட்டும். கோப்பின் பெயரும் தமிழில் இருக்கட்டும். உங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் இதற்கென வாரம் ஒரு சிறு பத்தி ஒதுக்க இயலுமா என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டளைகளைச் சரிபார்த்து, பிழைச் செய்திகளுக்குத் தமிழில் விளக்கம் எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
செங்காங்